திரும்பி வரும்போது மட்டும் எரிகிற லைட்

செட்டிபாளையத்தில் வாகனம் வைத்திருப்பவர்களிடம் ஹேண்ட்பிரேக் எதற்கு என்று கேட்டால், சாமான் பை கொளுவுவதற்கு என்பார்கள். பொய்யில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் பாய் விரித்தது போல ஊர். நிறுத்திய வாகனம் உருண்டு போக வேண்டுமென்றால் யாராவது மெனக்கெட்டுத் தள்ள வேண்டும். பாக்கியராசாவின் பழைய ஜப்பான் வான் வண்டியில் ஹேண்ட்பிரேக் தடியில் ஒரு வெற்றிலைப் பை தொங்கியது. வான் வாங்கி எத்தனையோ வருடம். தடியை அவர் ஒரு நாளும் இழுத்ததில்லை. கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்.

வானுக்கு வேலை டீச்சர்மாரை ஏற்றுவது. காலையில் செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஏற்றிக்கொண்டு, பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடந்து, வெல்லாவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இறக்குவார். மத்தியானம் வரை மர நிழலில் மற்ற ட்ரைவர்மாரோடு முந்நூற்றிநாலு என்ற சீட்டு விளையாடுவார். பிறகு அதே பாட்டையால் திரும்புவார். அந்த வானுக்குள் கதைக்கப்படாத குடும்பம் இந்த மாவட்டத்தில் இல்லை. பாக்கியராசா எல்லாவற்றையும் கேட்பார். எதையும் கேளாத முகத்தோடு ஓட்டுவார். நல்ல ட்ரைவருக்கு முதல் தகுதி அது.

வானின் டாஷ்போர்டு ஒரு தனிக் குடும்பம். டீசல் முள் எப்போதும் பாதியில் நிற்கும். தாங்கி நிரம்பினாலும் பாதி, காய்ந்தாலும் பாதி. சூட்டு முள்ளை மட்டும் அவர் நம்புவார். சாவியைத் திருப்பினால் சிவப்பும் மஞ்சளுமாக எல்லா லைட்டும் கோயில் சோடனை போல ஒருதரம் எரிந்து அணையும். எது எதற்கு என்று அவர் பார்த்ததில்லை. திருவிழாவில் எந்த பல்ப் யார் கொடுத்தது என்று யார் பார்க்கிறார்கள்?

என்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் மட்டும் அணையாது. வாங்கின அன்றைக்கே எரிந்தது. விற்றவன், "அது ஜப்பான் காலநிலைக்குப் பழகின லைட். இஞ்சத்த வெயிலுக்குத் தானா நிக்கும்" என்றான். நிற்கவில்லை. முன் சீட்டில் இருந்த அவர் மனைவி தெய்வமணிதான் அதற்கு வழி கண்டாள்.

"இஞ்சாருங்க, இது கண்ணக் குத்துது" என்றவள், நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டைக் கழற்றி அந்த லைட்டின் மேல் ஒட்டிவிட்டாள். அதோடு என்ஜின் பழுது தீர்ந்தது.

இன்னொன்றும் இருந்தது. வானை இயக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான் பெண் பதிவுக் குரலில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். தெய்வமணி மட்டும் பதில் சொல்வாள்.

"ஓம் கா, போறம். நீ கத்தாத."

இப்போது அந்தப் பெண் சொல்கிறாள். பதில்தான் இல்லை.

தெய்வமணி போனது ஒரு அறுவடைக் காலத்தில். வெல்லாவெளியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு, நெல் வெட்டுக்கு உதவியாகப் போயிருந்தாள். அன்றைக்குப் பாக்கியராசாவுக்கு டவுணில் ஒரு கலியாண ஹயர். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் குறை கண்டுபிடித்து நேரம் இழுபட்டது. போனில் அவளிடம் சொன்னார்: "நில்லு, நான் வந்து ஏத்துறன்." அவளுக்கு நிற்கப் பொறுமை இல்லை. நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த ஒரு லேண்ட்மாஸ்டர் கை ட்ராக்டரில், மூட்டைகளுக்கு மேல் ஏறியிருந்து வெளிக்கிட்டுவிட்டாள்.

வெல்லாவெளியிலிருந்து வரும் அந்தப் பாட்டை வயல் வட்டைகளுக்கு நடுவால் கோடு கீறியது போல நேரே வரும். ஓரிடத்தில் மட்டும் ஒரு மருத மரத்தடியில் சடாரென்று இடப்பக்கம் கிறுகி வாய்க்கால் ஓரமாகப் போகும். அந்த ஒரு வளைவில்தான் லேண்ட்மாஸ்டர் புரண்டது.

பாக்கியராசா வானோடு வந்தபோது வளைவில் ஆட்கள் கூடி நின்றார்கள். யாரோ பாவம், என்னவோ என்று நினைத்தார். வெல்லாவெளியில் மனுசி காத்துக்கொண்டு நிற்பாளே என்ற அவசரத்தில் ஹாரன் அடித்து வழி கேட்டார். இரண்டு தரம் அடித்தார். கூட்டத்தில் ஒருவன் திரும்பி, வானை அடையாளம் கண்டு, பொனட்டின் மேல் கையை வைத்தான். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

அன்றிலிருந்து பாக்கியராசா ஹாரன் அடிப்பதில்லை. மாடு படுத்திருந்தாலும் அது எழும்பும்வரை இருப்பார்.

இன்னொரு லைட் முதன்முதல் எரிந்தது அடுத்த அறுவடை முடிந்த பிறகு. மத்தியான உச்சி. டீச்சர்மார் பின்னால் யாரோ ஒருத்தியின் மாமியாரைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார்கள். மருதடி வளைவில் வானைக் கிறுக்கும்போது, தெய்வமணி ஒட்டிய பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு எழும்பியது. சிவப்பு வட்டம். உள்ளே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. பாக்கியராசாவின் கால் தானாகப் பிரேக்கில் போனது. வான் நின்றது. லைட் அணைந்தது.

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மருதமரத்தில் ஒரு இலையும் அசையவில்லை.

அடுத்த நாள் காலை போகும்போது கண் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. மத்தியானம் திரும்பி வரும்போது அதே இடத்தில் எரிந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. போகும்போது இல்லை, வரும்போது மட்டும். தெய்வமணியும் வரும்போதுதானே போனாள். நிறுத்தினால் அணைகிறது. இதைவிட வெளிச்சமாக ஒரு மனுசி எப்படி "நில்லு" என்று சொல்வாள்?

அவர் நிற்கத் தொடங்கினார். ஹேண்ட்பிரேக் தடியில் தொங்கும் பையிலிருந்து வெற்றிலையும் ஒரு பாக்குத் துண்டும் எடுத்துக்கொண்டு இறங்கி மரத்துக்குப் பின்னால் போவார். டீச்சர்மார் முதலில் வேறு விதமாக நினைத்தார்கள்.

"பாக்கியத்துக்குச் சீனி வருத்தம் போல கா. இந்த இடம் வந்தா அடக்க ஏலாமக் கிடக்கு" என்றார் வதனி டீச்சர். வயதில் மூத்தவர். வானின் செய்திப் பிரிவுக்கு அவர்தான் தலைமை.

பிறகு ஒருநாள் மரத்தடியில் வாடிய வெற்றிலைகளை அவரே கண்டார். அது எந்த இடம் என்பதும் ஞாபகம் வந்தது. அதோடு சிரிப்பு நின்றது. வளைவு கிட்ட வரும்போதே வானுக்குள் பேச்சு அடங்கிவிடும். கடந்ததும் மாமியாரை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் குழப்பியது யசோதினி. புதிதாக மாற்றம் கிடைத்து வந்த இளம் டீச்சர். கார் ஓடப் பழகிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு டாஷ்போர்டுப் படங்களையெல்லாம் பாடமாக்கியிருந்தாள். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் செமிக்காது. அதனால் முன் சீட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"பாக்கியண்ணே, அந்தச் சிவப்பு லைட் பிரேக்குக்குரியது. பிரேக் ஒயில் குறைஞ்சா எரியும்."

"பிரேக்குக்கெண்டா பிரேக் புடிக்கிற இடமெல்லாம் எரியணுமே டீச்சர். ஏன் இதுல மட்டும் எரியிது? ஏன் போகக்குள்ள எரியிறல்ல?"

யசோதினி பாடமாக்கிய படங்களை மனதுக்குள் ஒருதரம் புரட்டினாள். பரீட்சையில் அந்தக் கேள்வி வராது.

"நீ இன்னும் எல் பலகை போட்டு ஓடுற ஆள் கா. அண்ணர்ர விசயத்துல கைய வைக்காத" என்று பின்னாலிருந்து வதனி டீச்சர் அதட்டினார்.

அன்றைக்கு எல்லோரும் இறங்கிய பிறகு யசோதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் செட்டிபாளையந்தான், கடைசியாக இறங்குபவள்.

"களுவாஞ்சிகுடியில நிஸ்தார் நானாட கராச்சில ஒருக்காக் காட்டுங்களன் அண்ணே."

"காட்டினா?"

"திருத்தித் தருவார்."

"திருத்தினா?"

அவள் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பிரேக் போய்விடும் என்ற பயம் அவருக்கு இல்லை. லைட் போய்விடும் என்ற பயந்தான்.

கொஞ்ச நாளில் லைட் எரிகிற இடம் மாறியது. ஒரு மத்தியானம் பட்டிருப்புப் பாலத்தால் இறங்கும்போது எரிந்தது. அடுத்த கிழமை களுவாஞ்சிகுடிச் சந்தியில் பிரேக் பிடிக்கும்போது. பிறகு களுதாவளையில், வதனி டீச்சரை இறக்குகிற ஒழுங்கை வாசலில். காலையில் போகும்போதும் அங்கங்கே மினுங்கியிருக்கும். ஆனால் காலையில் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. எதிர்பார்க்கிறவன் எதிர்பார்க்கிற நேரத்தில்தானே பார்ப்பான்.

வரைபடம் கீறத் தெரியாத பாக்கியராசாவுக்கும் இது விளங்கியது. வளைவு, பாலம், சந்தி, களுதாவளை. தெய்வமணி வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

வீட்டு முற்றத்தைக் கூட்டினார். அவளுடைய தலையணையை வெயிலில் போட்டார். கடையில் ஒரு மட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினார். கடைக்காரர் பொட்டையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். பின்னேரத்துக்குள் பாக்கியத்துக்கு வெல்லாவெளியில் ஒரு தொடுப்பு என்று ஊரெல்லாம் கதை. பெண்ணின் நிறம், உயரம் கூடச் சொன்னார்கள். எந்தச் சாதி வெற்றிலை போடுவாள் என்பதுதான் தெரியாமல் போனது.

அவருக்குச் சந்தோசமா என்றால், அதுதான் இல்லை. படலையைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போகும்போது திரும்பிப் பார்க்க மாட்டார். இரண்டு பேருக்குச் சோறு போட்டுவிட்டு, மற்றத் தட்டைப் பார்க்காமல் தின்பார். அவள் வருவது எதற்கு? வராமல் விட்டதற்குக் கணக்குக் கேட்கவா? அல்லது அவள் வாய்க்காலுக்குள் கிடக்க, மேலே நின்று ஹாரன் அடித்தானே ஒருவன், அவன் முகத்தைப் பார்க்கவா?

இதற்கிடையில் பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கத் தொடங்கியிருந்தது. ஒருதரம் மிதித்தால் பிடிக்காது. இரண்டுதரம் மிதித்தால் பிடிக்கும். இத்தனை வருடம் ஓட்டியவருக்கு அது என்னவென்று தெரியாதா? தெரியும். தெரிந்ததை வெற்றிலைப் பைக்குள் போட்டு வைத்துக்கொண்டு, அத்தனை டீச்சர்மாரையும் பின்னால் வைத்துக்கொண்டு ஓடினார்.

அந்த மத்தியானம் லைட் வளைவுக்கு முன்பே எரிந்தது. அணையவில்லை. வெல்லாவெளி கழிந்ததிலிருந்து ஒரே சிவப்பு. பாக்கியராசா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பேச்சு வழக்கம்போல அடங்கியது. மருதடி வளைவில் கிறுகியவுடன் முன்னால் எருமைக் கூட்டம். வாய்க்காலிலிருந்து ஏறி, சேறு வழிய, பாட்டையை அடைத்துக்கொண்டு நின்றது.

மிதித்தார். பெடல் தரைக்குப் போனது. மறுபடி மிதித்தார். தரை.

"அண்ணே!"

பின்னால் யாரோ "கண்ணகைத் தாயே!" என்று கத்தியது கேட்டது. யசோதினி இரண்டு கையாலும் அந்தத் தடியைப் பிடித்து, வெற்றிலைப் பையோடு சேர்த்து இழுத்தாள். ஒருநாளும் இழுபடாத ஹேண்ட்பிரேக் வாங்கின புதிதாகவே கிடந்திருக்க வேண்டும். வான் கிறீச்சிட்டு, பின்பக்கம் வீசி, முன் சில்லு ஒன்று வாய்க்கால் விளிம்பில் ஏறி நின்றது. பொனட்டுக்கு எட்டின தூரத்தில் ஒரு எருமை. அது இவர்களை ஒருதரம் பார்த்தது, வாலைச் சுழற்றியது, போனது. வெற்றிலை எல்லாம் அவள் மடியில் கொட்டிக் கிடந்தது.

ஒரே சத்தம். என்ன சத்தம் என்று முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. ஹாரன். பாக்கியராசாவின் கை ஹாரனில் இருந்தது. மிதிக்கத் தொடங்கியதிலிருந்து அமர்த்திப் பிடித்திருக்கிறார். எருமைகள் போய்விட்டன. வான் நின்றுவிட்டது. ஹாரன் மட்டும் வட்டை முழுக்கக் கத்திக்கொண்டிருந்தது. வதனி டீச்சர் பின்னாலிருந்து எட்டி அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"விடுங்க தம்பி. போதும். விடுங்க."

"வழி விடுங்க எண்டு கேட்டன் அக்கா" என்றார் பாக்கியராசா. "அவ உள்ளுக்குக் கிடக்கிறா. நான் வழி விடுங்க எண்டு கேட்டன்."

எருமையைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் விளங்கியது. இதை மட்டும் வதனி டீச்சர் வெளியில் போய்ச் சொல்லவில்லை என்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வானில் மற்றவர்களும் இருந்தார்களே.

நிஸ்தார் வந்து வானை இழுத்துக்கொண்டு போய் கராச்சில் பின் சில்லைக் கழற்றினார். உள்ளே ஒயில் ஒழுகி ஊறிக் கிடந்தது. பொனட்டைத் திறந்து, பிரேக் ஒயில் நிற்கும் சின்னப் பிளாஸ்டிக் போத்தலைக் காட்டினார். அடியில் கொஞ்சந்தான் மிச்சம்.

"இதுக்குள்ள ஒரு மிதப்பு இரிக்கி அண்ணன். ஒயில் குறைய மிதப்பு இறங்கும், இறங்கினா லைட் எரியும்." குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீக் கிளாசைச் சரித்துக் காட்டினார். "வான் இடப்பக்கம் கிறுகினா ஒயில் மற்றப் பக்கம் ஓடும். மிதப்பு விழும். ஒங்கட பாட்டையில வேகமாக் கிறுகிறத்துக்கு வேற என்ன இரிக்கி? அந்த ஒரு வளைவுதானே."

"போகக்குள்ள?"

"போகக்குள்ள வலப்பக்கம் கிறுகுறீங்க. ஒயில் மிதப்புப் பக்கம் வரும். லைட் எரியாது. மறுகா இன்னும் குறைய, பிரேக் புடிக்கிற இடமெல்லாம் எரிஞ்சிரிக்கும்."

பாலம், சந்தி, களுதாவளை. பாக்கியராசா தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே கேட்டார்: "இனி எரியாதா?"

நிஸ்தாருக்குப் பெருமை. "நான் செஞ்ச வேல அண்ணன். ஆயுசுக்கும் எரியாது."

நல்ல செய்தி கேட்ட மனுசனின் முகம் ஏன் இப்படிப் போகிறது என்று நிஸ்தாருக்கு விளங்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக டாஷ்போர்டுக்குள் குனிந்தார். "இந்த என்ஜின் லைட்டையும் ஒருக்காப் பாக்கவா? ஆரோ மேல பொட்ட ஒட்டி வெச்சிரிக்காங்க…" நகத்தால் கிளப்பப் போனவரின் கையைப் பாக்கியராசா பிடித்தார். இறுக்கமாக. நிஸ்தார் கையை எடுத்துக்கொண்டார்.

டீச்சர்மாரில் சிலர் வேறு வானுக்கு மாறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பிள்ளை குட்டிக்காரர். வதனி டீச்சர் மாறவில்லை. செய்திப் பிரிவை விட்டு எங்கே போவது? யசோதினியும் மாறவில்லை.

வான் திரும்ப ஓடிய முதல் நாள் மத்தியானம், வளைவு கிட்ட வந்தது. பழக்கத்தில் பேச்சு நின்றது. பாக்கியராசா இடப்பக்கம் கிறுக்கினார். பெடல் கல்லுப் போல இருந்தது. டாஷ்போர்டில் ஒன்றுமில்லை. பழைய பொட்டு மட்டும். மருதமரம் ஜன்னலால் வந்து போனது.

கொஞ்சம் கடந்து வானை நிறுத்தினார். பிரேக்கில் காலை வைத்தபடி இருந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெற்றிலைப் பையில் கை வைக்கவில்லை.

"வரல்ல" என்றார், யாருக்கென்று இல்லாமல்.

யசோதினி வெளியே பார்த்தாள், உள்ளே பார்த்தாள். அந்த நேரத்தில் எதையாவது சொல்ல வேண்டும்போல இருந்திருக்கும். தெரிந்ததைத்தான் சொன்னாள்.

"அண்ணே, நிண்டா ஹேண்ட்பிரேக்க இழுக்கணும். எங்கட மாஸ்டர் எண்டா இந்நேரம் கையில அடிச்சிருப்பார்."

பாக்கியராசா அவளைப் பார்த்தார். தன்னை உயிரோடு வைத்த பிள்ளை, சொல்கிறாள். வெற்றிலைப் பையை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்தார். தடியை இழுத்தார்.

சிவப்பு வட்டம். உள்ளே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி. பழைய பொட்டுக்குப் பக்கத்தில்.

"இதுக்கும் அதே லைட்தான் அண்ணே" என்றாள் யசோதினி மெதுவாக. "ஒங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

அவருக்குத் தெரியாது. தட்டை ஊரில் பிறந்தவனுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடம் கைக்குப் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது, பை கொளுவிக்கொண்டு.

பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தமுறை அது தானாக அணையவில்லை. மினுங்கவும் இல்லை. பின்னால், தூரத்தில் ஒரு லேண்ட்மாஸ்டர் மூட்டையோடு வந்து, வேகத்தைக் குறைத்து, வளைவில் பத்திரமாகக் கிறுகி, இவர்களைக் கடந்து போனது. மூட்டைகளுக்கு மேல் யாரும் இல்லை. பாக்கியராசா அதை மறையும்வரை முன் கண்ணாடியால் பார்த்தார்.

பிறகு தடியில் கையை வைத்தார். வைத்த கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. இறக்கினால் அணையும். அணைப்பது அவர் கைதான், வேறு யாருமில்லை.

"நில்லு எண்டு சொல்ல மாட்டன்" என்றார். மிகவும் மெதுவாகத்தான் சொன்னார். "நான் போய்ட்டு வாறன், என்ன?"

தடியை இறக்கினார். லைட் அணைந்தது. வான் நகர்ந்தது. வாய்க்கால் ஓரம் முடிந்து பாட்டை நேரானதும், பின்னால் வதனி டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மச்சாள் யாரோ ஒருத்தியின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.